என்ஜின் எண்ணெயில் நீர்: காரணம் அறியும் முறை

அலுவலக ஜீப்பையோ சொந்தக் காரையோ காலையில் வெளியே எடுப்பதற்கு முன் என்ஜின் எண்ணெயின் அளவைப் பார்க்கும் நல்வழக்கம் உடையவர்கள், என்றேனும் ஒரு நாள், அளவுகோலில் ஒட்டி வரும் எண்ணெய் கறுப்பாகவோ பழுப்பாகவோ இல்லாமல், பால் மிகுந்த காப்பியைப் போல வெளுத்திருப்பதைக் காணக்கூடும். பணிமனைக்குச் சென்றால், "ஹெட் காஸ்கெட் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும்" என்ற முடிவு உடனே கிடைப்பது உண்டு. அம்முடிவு பல சமயங்களில் சரியானதே. ஆனால் எப்பொழுதும் சரியானதன்று. நல்ல நிலையில் உள்ள என்ஜினை வீணாகப் பிரித்தால் பணமும் காலமும் நஷ்டமாகும். மாறாக, உண்மையான கசிவைச் சாதாரண ஈரம் என்று எண்ணி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தால், என்ஜினே பாழாகிவிடும். இவ்விரு தவறுகளையும் தவிர்ப்பதற்கான வழியை இக்கட்டுரையில் காண்போம். பெங்களூரு நகரம் இதற்கு மிகவும் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். எண்ணெயில் நீர் சேருவதற்குரிய மூன்று வழிகளும் அந்நகரில் ஒருங்கே காணப்படுகின்றன.

எண்ணெய் ஏன் வெளுக்கிறது?

எண்ணெயும் நீரும் இயல்பாகக் கலப்பதில்லை என்பதை நாம் அறிவோம். ஆனால் என்ஜின் எண்ணெய் வெறும் எண்ணெய் அன்று. கரியையும் அழுக்கையும் ஓரிடத்தில் படியவிடாமல் மிதக்கச் செய்வதற்காகச் சோப்பின் தன்மையுடைய பொருள்கள் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நிமிஷத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் கிராங்க் தண்டு, நீரையும் எண்ணெயையும் மத்து கடைவதுபோல் கடைகிறது. நீர் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறி எண்ணெயினுள் நின்றுவிடுகிறது. நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33, எண்ணெயினுடையது ஏறத்தாழ 1.48. இந்த வேறுபாட்டினால் ஒவ்வொரு துளியும் தன்மீது படும் ஒளியைத் திசை மாற்றிச் சிதறடிக்கிறது. ஆகவே கலவை வெண்மையாகத் தோன்றுகிறது. நீரில் கொழுப்புத் துளிகள் மிதப்பதால் பால் வெளுத்துத் தோன்றுவதும் இதே காரணத்தினால்தான். இத்தகைய கலவைக்குப் பால்மம் என்று பெயர்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் எளிதில் செய்து காட்டலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் கடலை எண்ணெயையும் நீரையும் ஊற்றிக் குலுக்கினால், சிறிது நேரத்தில் இரண்டும் பிரிந்துவிடும். சில துளி சோப்புக் கரைசலைச் சேர்த்துக் குலுக்கினால், வெண்ணிறம் நெடுநேரம் மாறாமல் நிற்கும். இங்கு மனத்தில் கொள்ள வேண்டியது யாதெனில், வெண்ணிறம் "இங்கு நீர் இருக்கிறது" என்று மட்டுமே கூறுகிறது. அந்நீர் எங்கிருந்து வந்தது என்பதைக் கூறுவதில்லை.

நீர் வரும் மூன்று வழிகள்

முதலாவது வழி, எரிபொருள் எரிவதனால் உண்டாகும் நீராவி. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்பொழுது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். இதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாக வெளியேறுகிறது. சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே எண்ணெய் இருக்கும் அறையை அடைகிறது. என்ஜின் நெடுநேரம் ஓடி எண்ணெய் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி நீங்கிவிடும். வண்டி நாள்தோறும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடி நின்றுவிட்டால், ஆவி குளிர்ந்த பரப்புகளில் நீராகப் படியும். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடி எளிதில் குளிர்வதால், அதன் உட்புறத்தில் வெளிர்மஞ்சள் நிறமான குழம்பு சேரும். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் அதிகாலையில் உஷ்ணநிலை 15, 16 டிகிரி சென்டிகிரேடு அளவிற்கு இறங்குவது வழக்கம். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் சென்று திரும்பும் கார்களில் இக்குழம்பு தோன்றுவதில் வியப்பில்லை. இது நோயன்று, வண்டிக்கு ஒரு நெடும்பயணம் தேவை என்பதற்கு அறிகுறியே.

இரண்டாவது வழி, வெளியிலிருந்து புகும் வெள்ள நீர். 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் பெங்களூரின் வெளிவட்டச் சாலை, பெல்லந்தூர், சர்ஜாப்பூர் சாலை ஆகிய பகுதிகள் நீரில் மூழ்கின. நிலத்தடி நிறுத்துமிடங்களில் இருந்த கார்கள் பலவும் மூழ்கின. இவ்வாறு மூழ்கிய வண்டியில், காற்றுக் குழாய், எண்ணெய் அளவுகோல் செருகும் குழாய், ஆவி வெளியேறும் துளை ஆகியவற்றின் வழியே நீர் உட்செல்லக்கூடும். அத்தகைய வண்டியை ஒருபோதும் இயக்கிப் பார்த்தலாகாது. காற்றைப்போல் நீர் சுருங்குவதில்லை. சிலிண்டரில் நீர் நின்றிருக்கையில் பிஸ்டன் மேலேறினால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும்.

மூன்றாவது வழியே நாம் அஞ்ச வேண்டியது. அது, என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் உள்ளேயே கசிந்து எண்ணெயுடன் சேருவது.

கூலண்ட் கலப்பதால் விளையும் கேடு

கூலண்ட் என்பது நீரும் எத்திலீன் கிளைக்காலும், துருவைத் தடுக்கும் உப்புகளும் சேர்ந்த கலவை. நீர் மட்டும் கலந்திருந்தால், எண்ணெய் சூடாகும்பொழுது அது ஆவியாகிப் போகக்கூடும். கிளைக்காலின் கொதிநிலையோ 197 டிகிரி. என்ஜின் எண்ணெய் சாதாரணமாக அவ்வளவு சூடாவதில்லை. ஆகவே கிளைக்காலின் பெரும்பகுதி எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது. உஷ்ணத்தாலும் பிராணவாயுவாலும் அது கிளைக்காலிக் அமிலம், பார்மிக் அமிலம் முதலியவையாக மாறுகிறது. இவ்வமிலங்கள் பேரிங்குகளில் உள்ள செம்பையும் ஈயத்தையும் அரிக்கின்றன. எண்ணெயில் தேய்மானத்தைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்டுள்ள பொருள்கள் கெடுகின்றன. மிதந்துகொண்டிருந்த கரி திரண்டு கட்டியாகி வடிகட்டியை அடைக்கிறது. சுழலும் தண்டிற்கும் பேரிங்கிற்கும் இடையே உள்ள எண்ணெய்ப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனமே உடையது. அப்படலத்தில் நீர்த்துளி புகுந்தால் பாரத்தைத் தாங்கும் வலிமை குறைந்து, உலோகம் உலோகத்துடன் உராயும். எனவே கூலண்ட் கசிவு என்ற சந்தேகம் எழுந்தவுடன் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

கசிவு ஏற்படும் இடங்கள்

சிலிண்டர் பிளாக்கிற்கும் அதன் மேலுள்ள ஹெட்டிற்கும் இடையில் ஒரு தகடு இருக்கிறது. இதுவே ஹெட் காஸ்கெட். எரியும் வாயு, கூலண்ட், எண்ணெய் ஆகிய மூன்றும் செல்லும் துளைகள் அதில் அருகருகே உள்ளன. அவற்றைப் பிரித்து வைப்பதே அத்தகட்டின் வேலை. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் இதற்கு ஆபத்து நேரிடுகிறது. அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடைகிறது. இரும்புப் பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட் அமைந்த என்ஜினில், மிகுந்த சூட்டினால் ஹெட் வளைந்து காஸ்கெட் நசுங்கிக் கசிவு உண்டாகிறது.

பெங்களூரு கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் குறைவாதலால், திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ரேடியேட்டர் மூடி, உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அழுத்தத்தைக் கூடுதலாக நிறுத்திக் கொதிநிலையை 120 டிகிரிக்கு அருகில் உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வளையம் கெட்டு அழுத்தம் நில்லாமற்போனால் இப்பாதுகாப்பு நீங்கிவிடும். அப்பொழுது, வெறும் நீர் ஊற்றிய வண்டி சென்னையைக் காட்டிலும் பெங்களூரில் 3 டிகிரி முன்னதாகவே கொதிக்கத் தொடங்கும். நந்தி மலை போன்ற ஏற்றங்களில் இது தெளிவாகப் புலப்படும். மேலும், கூலண்டிற்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை ஊற்றி வந்தால், சுண்ணாம்புப் படிவு உண்டாகிக் குழாய்களை அடைத்து, உஷ்ணம் வெளியேறுவதைத் தடுக்கும்.

காஸ்கெட்டைத் தவிர வேறு இடங்களும் உண்டு. பல வண்டிகளில் எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் என்ற உறுப்பு இருக்கிறது. அதில் மெல்லிய தகடுகளின் ஒரு பக்கம் எண்ணெயும் மறுபக்கம் கூலண்டும் ஓடுகின்றன. தகடு அரித்துப்போனாலும் ரப்பர் வளையம் கெட்டாலும் இரண்டும் கலந்துவிடும். லாரி, டிராக்டர் முதலியவற்றின் டீசல் என்ஜின்கள் பலவற்றில் சிலிண்டர் லைனரின் வெளிப்புறத்தைக் கூலண்ட் நேரே தொடுகிறது. லைனரின் அடியிலுள்ள ரப்பர் வளையங்கள் கெட்டால் கூலண்ட் நேராகக் கீழேயுள்ள எண்ணெயில் இறங்கும். இவையன்றி, ஹெட்டிலோ பிளாக்கிலோ மயிரிழை போன்ற விரிசல் விழுவதும் உண்டு.

செலவில்லாச் சோதனைகள்

ஒழுங்கு முறை யாதெனில், செலவில்லாத சோதனையை முதலிலும், என்ஜினைப் பிரிப்பதை இறுதியிலும் செய்வதே.

முதற்சோதனை கூலண்டின் அளவைக் குறித்து வைப்பது. நாள்தோறும் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்பொழுது, தொட்டியில் கூலண்ட் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதையும் எண்ணெயின் அளவையும் எழுதிவர வேண்டும். கூலண்ட் குறைந்துகொண்டே வந்து, தரையில் ஈரமும் இல்லாமல், எண்ணெயின் அளவு ஏறினால், உட்கசிவு என்ற சந்தேகம் வலுக்கிறது. கூலண்ட் சிறிதும் குறையாமல் மூடியில் மட்டும் குழம்பு இருந்தால், அது பெரும்பாலும் ஆவி படிந்ததே. மூடியைத் துடைத்துவிட்டு, அளவுகோலில் உள்ள எண்ணெய் தெளிவாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, வண்டியை ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிய பின் மீண்டும் பார்த்தால் உண்மை விளங்கும். அளவுகோலிலேயே எண்ணெய் வெளுத்திருந்தால் இவ்வாறு ஓட்டிப் பார்த்தலாகாது. சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது எக்காரணத்தாலும் கூடாது; கொதிநீர் பீறிட்டு முகத்தைப் புண்ணாக்கிவிடும்.

இரண்டாவது, அடிக்குழாயைத் தளர்த்திப் பார்ப்பது. நீரும் கூலண்டும் எண்ணெயைவிடக் கனமானவை. வண்டியை ஓர் இரவு முழுதும் அசையாமல் நிறுத்தி, காலையில் என்ஜினை இயக்காமல், எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள திருகைச் சிறிது தளர்த்தினால், பிரிந்து நின்ற நீர் முதலில் சொட்டும். அது பச்சை, சிவப்பு போன்ற கூலண்டின் நிறத்தில் இருந்தால் ஐயமே இல்லை. முற்றிலும் பால்மமாகிவிட்ட எண்ணெயில் நீர் இவ்வாறு பிரியாது.

மூன்றாவது, வெடிப்பொலிச் சோதனை. பெங்களூரில் 1960 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிலையம் மின்மாற்றிகளின் எண்ணெயையும் சோதிக்கிறது. மின்மாற்றிகளுக்கும் ஈரமே பெரும் பகையாதலால், இச்சோதனையை மின்துறை ஊழியர் நன்கு அறிவர். ஓர் இரும்புத் தகட்டை ஏறத்தாழ 160 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் ஒரு துளி எண்ணெய் விட வேண்டும். நீரில்லாத எண்ணெய் அமைதியாகப் பரவும். ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிற்கு நீர் இருந்தாலும் குமிழியிட்டுப் பொரியும் ஓசை கேட்கும். கண்ணாடி அணிந்து, திறந்த வெளியில், நெருப்பு நேரே படாதவாறு இதைச் செய்தல் வேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை: கூலண்ட் கலந்து நெடுநேரம் ஓடிய என்ஜினில் நீர் ஆவியாகிப் போய்க் கிளைக்கால் மட்டும் தங்கியிருக்கக்கூடும். அது பொரிவதில்லை. எனவே ஓசை கேட்டால் நீர் உண்டு என்று கொள்ளலாம். ஓசை இல்லை என்பதனால் கூலண்ட் இல்லை என்று கொள்ளலாகாது.

நான்காவது, வடிதாள் சோதனை. ஒரு துளி எண்ணெயை வடிதாளில் விட்டுச் சில மணி நேரம் வைத்தால், நல்ல எண்ணெயில் உள்ள கரி மெல்ல மெல்ல வெளுத்துச் செல்லும் வட்டமாகப் பரவும். கிளைக்கால் கலந்ததில் கரி திரண்டுவிடுவதால், நடுவில் தெளிவான விளிம்புடைய கரும்புள்ளி நின்றுவிடும். கரி மிகுந்த டீசல் என்ஜின் எண்ணெயில் இது நன்கு புலப்படும். இதனை ஒரு குறிப்பாகக் கொள்ளலாமேயன்றி முடிவாகக் கொள்ளலாகாது.

பணிமனைச் சோதனைகள்

குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறிக்கப்பட்ட அளவிற்கு மட்டும் அழுத்தம் ஏற்றி, கால் மணி முதல் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். முள் இறங்கி, வெளியிலும் வண்டியின் உட்புறத் தரைவிரிப்பிலும் ஈரம் இல்லையானால், கசிவு என்ஜினுக்குள் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு என்ஜினைச் சுழற்றும்பொழுது ஒரு துளையிலிருந்து கூலண்ட் தெறித்தால், கசிவு அந்தச் சிலிண்டரில் ஏற்பட்டிருக்கிறது. அவ்வாறு இல்லையானால், எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, மீண்டும் அழுத்தம் ஏற்றி, அடியிலிருந்து விளக்கொளியில் பார்த்தால், துளி எங்கிருந்து விழுகிறது என்பதைக் கண்ணால் காணலாம். லைனர் வளையம் கெட்டிருப்பதை இம்முறை தெளிவாகக் காட்டிவிடும்.

மற்றொரு சோதனை ரசாயன முறையைச் சேர்ந்தது. ரேடியேட்டரில் கூலண்டிற்கு மேலுள்ள காற்றை, புரோமோதைமால் நீலம் என்ற கரைசலின் வழியே இழுக்க வேண்டும். எரிந்த வாயு கசிந்திருந்தால் அதிலுள்ள கரியமில வாயு நீலக் கரைசலை மஞ்சளாக்கிவிடும். மாணவர்கள் உறிஞ்சுகுழல் வழியே மெல்ல ஊதித் தம் மூச்சைக் கொண்டே இந்நிற மாற்றத்தைக் காணலாம். கரைசலை உறிஞ்சிவிடாமல் ஆசிரியர் கவனிக்க வேண்டும். ஆனால் இச்சோதனை சிலிண்டருக்கும் கூலண்டிற்கும் இடையே உள்ள கசிவை மட்டுமே காட்டும். எண்ணெய்த் துளைக்கும் கூலண்ட் துளைக்கும் இடையே மட்டும் கசிவு இருந்தால் கரைசல் நீலமாகவே இருக்கும். இதைக் கண்டு என்ஜினில் குறையில்லை என்று முடிவு செய்வது தவறாகும்.

எத்திசையில் கசிவு என்பதும் ஒரு துப்பு. என்ஜின் ஓடும்பொழுது எண்ணெயின் அழுத்தம் கூலண்டின் அழுத்தத்தைவிட மிகுதி. ஆகவே ஆயில் கூலர் பழுதானால், ஓடும்பொழுது எண்ணெய் கூலண்டிற்குள் செல்லும். தொட்டியில் பிசுபிசுப்பான குழம்பு மிதக்கும். என்ஜினை நிறுத்தியவுடன் எண்ணெயின் அழுத்தம் மறைந்துவிடும். சூடான கூலண்டின் அழுத்தம் சிறிது நேரம் நிற்கும். அப்பொழுது கூலண்ட் எண்ணெய்க்குள் செல்லும். இங்ஙனம் இருபுறமும் கலப்பு காணப்பட்டு, புரோமோதைமால் சோதனையிலும் மாற்றம் இல்லையானால், முதலில் ஆயில் கூலரைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் ஹெட்டைக் கழற்றாமலே அதனை மாற்றிவிடலாம். ஒரு பெருஞ்செலவு இதனால் மிச்சமாகக்கூடும்.

ஆய்வுக்கூடத்தின் தீர்ப்பு

ஐயம் நீங்காத இடத்தில், எண்ணெயின் மாதிரியைத் தூய்மையான, உலர்ந்த புட்டியில் எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பலாம். கூலண்டில் உள்ள சோடியம், பொட்டாசியம் உப்புகள் ஆவியாவதில்லை. நீர் மறைந்த பின்னும் எண்ணெயில் தங்கி, நிறமாலைச் சோதனையில் அகப்பட்டுவிடும். சில எண்ணெய்களில் இயல்பாகவே சோடியம் இருக்கக்கூடுமாதலால், அதே வகைப் புதிய எண்ணெயின் மாதிரியையும் உடன் அனுப்புதல் நலம். கிளைக்காலைப் பெர்அயோடிக் அமிலத்தால் பார்மால்டிஹைடாக மாற்றி, செந்நீல நிறம் தோன்றுவதைக் கொண்டு அறியும் முறையும் உண்டு. வெள்ள நீர் புகுந்த எண்ணெயில் சேற்றிலுள்ள சிலிக்கனும் அலுமினியமும் மிகுந்திருக்கும், கிளைக்கால் இராது. இவ்வாறு மூன்று வழிகளையும் ஆய்வுக்கூடம் பிரித்துக் காட்டுகிறது.

பழுது நீக்கிய பின்

ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால், புதிய காஸ்கெட் போடுவது மட்டும் போதாது. நேர்விளிம்புச் சட்டத்தையும் இடைவெளி அளக்கும் தகடுகளையும் கொண்டு ஹெட்டின் பரப்பு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த வரிசையிலும் இறுக்கத்திலும் போல்ட்டுகளை முடுக்க வேண்டும். என்ஜின் சூடேறியதற்கு மூலகாரணம் மூடியா, தெர்மோஸ்டாட்டா, விசிறியா, படிவா என்பதைக் கண்டு களையாவிட்டால் புதிய காஸ்கெட்டும் நெடுநாள் நில்லாது. எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, சிறிது தூரம் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை மாற்றுதல் வேண்டும். கசிவை அடைப்பதாகக் கூறி விற்கப்படும் பொடிகளை நம்பலாகாது. அவை ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடக்கூடும். குறித்த கூலண்டைக் காய்ச்சி வடித்த நீருடன் கலந்து, உரிய காலத்தில் மாற்றி வருவதே சிறந்த காப்பு.

எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. வடித்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைத்தால் குழந்தைகளும் கால்நடைகளும் நாய்களும் அதனைக் குடித்துவிடக்கூடும். அதனையும் கழிவு எண்ணெயையும் சாக்கடையிலோ ஏரிக்குச் செல்லும் ஓடையிலோ ஊற்றாமல், மூடிய கலங்களில் சேர்த்து, அவற்றை முறைப்படி ஏற்கும் நிலையத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.

களப்பணியாளர் பலரும் பணிமனைக்குத் தொலைவான இடங்களில் வண்டியை நம்பி வாழ்பவர்கள். அவர்களுக்கு விலையுயர்ந்த கருவி ஏதும் தேவையில்லை. எண்ணெய், கூலண்ட் ஆகிய இரண்டின் அளவையும் நாள்தோறும் குறித்துவரும் ஒரு குறிப்பேடு போதும். இரு வாரக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தாலே, மூடியில் படிந்த ஈரமா, உள்ளே நிகழும் கசிவா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பணிமனைக்குச் செல்லும்பொழுது அக்குறிப்பேட்டையும் உடன் எடுத்துச் சென்றால், என்ஜினைப் பிரிக்கலாமா வேண்டாமா என்ற முடிவு ஊகத்தால் அன்றிச் சான்றினால் எடுக்கப்படும்.